செஞ்சேவலும் சாவு மணியும்

1

இந்த வருஷத் தொடக்கத்தில் என் மகள் லில்லி தன் தம்பிக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். நான் தோட்டத்து ஆபீசிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். உள்ளே பிள்ளை வீல் வீலென்று கத்துகிறான். ஓடிப் போய்ப் பார்த்தால், இவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டு, பால் டின்னில் தண்ணீர் மொண்டு அவன் தலையில் ஊற்றுகிறாள். வாயில் இங்கிலீஷில் ஏதோ ஜெபம். பிள்ளைக்கு மூக்கெல்லாம் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தான்.

“என்னட்டி செய்யுத?” என்று டின்னைப் பிடுங்கினேன்.

“டாடி, பேபிக்கு சின் இருக்கு. டீச்சர் சொன்னாங்க. இப்படியே செத்துட்டா ஹெவனுக்கு விட மாட்டாங்களாம்,” என்றாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. உண்மையாகவே பயந்து போயிருந்தாள். தம்பி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று ராத்திரியெல்லாம் எழுந்து பார்த்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எட்டு வயதுப் பிள்ளையின் மனதில் இதைப் போட்டு வைத்தது யார்? ஈப்போ பட்டணத்தில் சம்பளம் கட்டி நான் அனுப்பும் பள்ளிக்கூடம். அவளுக்குத் தமிழில் ஒழுங்காக ஒரு கதை சொல்ல வராது. சோறு கேட்கும்போதுகூட மலாய் வார்த்தை ஒன்று நடுவில் வந்து விழும். ஆனால், பிறந்த பிள்ளை பாவி என்பதை மட்டும் பிசகில்லாமல் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் திருவிதாங்கூரில், கொட்டாரத்துக்கும் மயிலாடிக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன ஊர்க்காரன். மலாயாவுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, பகலெல்லாம் கூலிக் கணக்கான செக்ரோல் எழுதி, துரையிடம் திட்டு வாங்கி வீட்டுக்கு வருகிறவன். மகனுக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்காமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குச் சளி, சபைப் போதகரான ஐயர் மாதம் ஒருமுறைதான் வருகிறார், மழை என்று தினம் ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், கொடுக்க எனக்கு மனதில்லை. எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்தில்தான் பெயர் வைப்பது. ஆகவே பையனுக்குப் பெயரும் இல்லை. பிறப்பைப் பதியப் போனபோது, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். அங்கிருந்த குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, “உன் பிள்ளைதானா?” என்று கேட்டான்.

“இஞ்சேருங்க, எனக்க பிள்ளைய ஊரு உலகத்துல பேரில்லாம வளக்கப் போறியளா?” என்று என் மனைவி எஸ்தர் அன்றைக்கும் அழுதாள். எஸ்தர் எங்கள் பக்கத்துப் பெண்தான். அவளுக்குச் சபையும் வேண்டும், ஜெபமும் வேண்டும். நான்தான் வீட்டில் அஞ்ஞானி.

2

இந்த ஜென்ம பாவம் என்கிற விஷயத்தை நான் நன்றாகப் புரிந்துகொண்டது எங்கள் சபைக் கோயிலில் அல்ல; கப்பலை விட்டு இறங்கிய இடத்தில்.

தொற்றுநோய் தடுக்கவென்று, பினாங்குக்கு முன்னால் ஒரு தீவில் எங்களை இறக்கினார்கள். டெக்கில் வந்தவர்களுக்கு மட்டும் அந்த மரியாதை. துணிமணிகளை வாங்கி ஆவியில் அவித்தார்கள். என் நல்ல வேட்டியில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் சேலைச் சாயம் ஒட்டி ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. பிறகு, கண் எரிகிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கச் சொன்னார்கள்.

“எனக்கு ஒரு நோயும் இல்லையே, ஐயா. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளும்,” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

“இந்தியாவிலிருந்து வந்தாய் அல்லவா? அது போதும்,” என்றான் அந்த உத்தியோகஸ்தன். காபினில் வந்த சீமான்களும் அதே இந்தியாவிலிருந்து, அதே கப்பலில்தான் வந்தார்கள். அவர்கள் நேராகப் படகில் ஏறிக் கரைக்குப் போனார்கள்.

தொட்டியில் கழுத்தளவு நிற்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம்தான் வந்தது. நோய் உண்டா என்று பார்க்க மாட்டார்கள், கேட்க மாட்டார்கள். பிறந்தாய் அல்லவா, அது போதும்! ஆதாம் என்று ஒருவன் என்றைக்கோ ஒரு பழத்தைத் தின்றானாம். தின்றவனைப் பிடித்துக் கேட்க வேண்டியதுதானே? அவன் வம்சத்தில் எத்தனையோ தலைமுறை தள்ளி, மலாயாக் காட்டுக்குள் பிறந்து கிடக்கிற என் பையன் எந்தப் பழத்தைக் கண்டான்? அவனுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. திருவிதாங்கூர் கோர்ட்டில்கூட அப்பன் செய்த கொலைக்கு மகனைத் தூக்கில் போட மாட்டார்கள். எல்லாம் தெரிந்த நீதிபதி என்று இவர்கள் சொல்லுகிறவர் மட்டும் போடுவாராம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. என் பூட்டன் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தது எதனால்? பிறப்பினாலேயே நீ தீட்டு, எட்டி நில் என்று சொன்னதைத் தாங்க முடியாமல்தான். வெள்ளைக்காரப் பாதிரி வந்து, கிட்ட வா, நாம் எல்லாரும் ஒன்று என்றார். பூட்டன் கிட்டப் போனான். போன பிறகுதான் சொன்னார்கள், பிறப்பினாலேயே எல்லாரும் தீட்டு என்று. அங்கே எங்களை மட்டும் சொன்னார்கள், இங்கே ராஜாவையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். இதற்குப் பெயர் சமத்துவம் என்றால், நான் என்ன சொல்ல! பினாங்குச் சர்க்காராவது சில நாளில் சீட்டுக் கொடுத்து, போய் வா என்று விட்டுவிட்டது. சபை கழுவின பிறகும் விடாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எழுந்து நின்று, நான் பாவி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எவனோ புத்தகம் படித்துக் கெட்டுப் போனவன் என்று நினைக்காதீர்கள். நான் கெட்டுப் போனது ஒரு சேவலால்.

3

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவரவர் வயலிலும் தோப்பிலும் விளைந்த முதல் பலனைக் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, சக்கைப்பழம், நெல்கதிர், தேங்காய், ஆடு, கோழி என்று கோயில் முற்றம் சந்தை மாதிரி ஆகிவிடும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். ஏலத்தில் எடுத்ததைச் சாப்பிட்டால் வீட்டுக்கு ஆசீர்வாதம்.

நான் இளவட்டமாக இருந்தபோது, அதாவது இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு பண்டிகைக்கு ஒரு செஞ்சேவல் வந்தது. நல்ல உயரம், ரத்தச் சிவப்பில் கொண்டை, வலது காலில் ஒரு விரல் மட்டும் கோணல். என் அப்பா அதன்மேல் கண் வைத்துவிட்டார். அப்பா பெயர் வேதமுத்து. கொட்டாரம் சந்தையில் வெற்றிலைக் கடை. கொஞ்சம் வீம்புக்காரர், நல்ல கோழி என்றால் உயிர். சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் ஞானாபரணமும் அதே சேவலைக் கேட்டார். இருவரும் மாறி மாறிக் கேட்க, விலை ஏறிக்கொண்டே போயிற்று.

“ஓய் வேதமுத்து, விட்டுத் தாரும். எனக்கு அது கட்டாயம் வேணும்,” என்றார் டீக்கன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“உமக்கு மட்டுமா வாய் இருக்கு? ஏலமுன்னா ஏலந்தான்,” என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். சேவல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சில நாள்தான் இருந்தது. ஒரு காலையில் கோழியை மூடி வைக்கும் பஞ்சாரம் புரண்டு கிடக்கிறது, சேவலைக் காணோம். அப்பா தெருத் தெருவாகத் தேடினார். மாடு பத்திப் போனவர்கள்தான் கண்டு வந்து சொன்னார்கள். குளத்தங்கரை மாடன் பீடத்தின் முன்னால் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் கிடக்கிறது. சிவப்பு இறகு. வலது காலில் கோணல் விரல்.

வேதக்காரர்களாகி மூன்று தலைமுறை ஆகியிருந்தாலும், அந்தப் பீடத்தைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் நடையைக் கொஞ்சம் வேகமாக்குவார்கள். பயம் முழுக்கப் போகவில்லை. அதனாலேயே அது பெரிய குற்றம். கர்த்தருக்குப் படைத்த சேவலை மாடனுக்கு வெட்டிவிட்டான்! ஏலத்தில் சபை முழுவதும் பார்த்த சேவல் ஆகையால் அடையாளத்தில் சந்தேகமே இல்லை. யார் எடுத்தது? வேதமுத்து. அப்படியானால் யார் வெட்டியது? வேதமுத்து. கடையில் வியாபாரம் குறைந்திருந்தது, அதற்கு நேர்ச்சை போட்டிருப்பான் என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சேவலுக்காக அத்தனை வேர்வை வேர்த்தவரை ஒருவர்கூட நினைக்கவில்லை. அவர் எழுந்து, “அந்தி மங்குன நேரம் குளத்தங்கரையில சேவலோட வேதமுத்து போனத நான் கண்டேன்,” என்று சாட்சி சொன்னார். டீக்கன் சொல்லுக்கு மேல் சொல் உண்டா?

4

கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தை அப்பாவுக்கு நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயரை வாசித்தார்கள். சபையின் முன்னால் எழுந்து நின்று அறிக்கை செய்கிறவரை விலக்கு.

ஐயரே வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. காரியத்தை முடித்துவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு.

“ஒரு ஞாயிறு எழுந்து நில்லும் ஓய். தேவனுக்கும் சபைக்கும் விரோதமாப் பாவம் செய்தேன்னு ரெண்டு வார்த்தை. அடுத்த திருவிருந்துக்கு வந்திரலாம்.”

“செய்யாததுக்கு எங்கன ஐயரே நிக்க?”

“இது செய்யல்லன்னாலும் வேற பாவம் உண்டுமே. பிறவியிலேயே நாம பாவிகள்லா? அத நெனச்சு நில்லும்.”

அப்பா சிரித்துவிட்டார். “அப்பம் எல்லாரும் சேந்து நிப்போம். நீரும் வாரும், டீக்கனும் வரட்டு. எனக்க பேரை மட்டும் எதுக்கு வாசிக்கிய?”

ஐயர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஜென்ம பாவம் என்ற உபதேசம் எதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு நான் கண்ணால் கண்டேன். குற்றம் செய்யாதவனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு அதைவிடச் சௌகரியமான கருவி கிடையாது.

அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். திருவிருந்துத் தட்டு அவரைத் தாண்டிப் போகும். நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம். அம்மைகூட ஒருநாள், “போனாப் போவுது, நின்னுட்டு வாருங்களேன்,” என்றாள். அவர் அடுத்த ஞாயிறும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மறுவருஷம் பேதி வந்தது. அப்பா ஒரே பகலில் போய்விட்டார்.

எங்கள் ஊரில் சபையார் ஒருவர் இறந்தால் கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். வயலில் நிற்கிறவர்கள் வேலையை விட்டு நிமிர்ந்து, “யாருக்கு மக்கா?” என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார்கள். மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் சாவு வீட்டில் அழுகை சத்தமாகக் கிளம்பும். விலக்கில் இருப்பவனுக்கு மணி கிடையாது. ஐயரும் வரவில்லை. நானும் மாமன்மாரும் கொண்டுபோய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தோம். அப்பா செத்தது அடுத்த ஊருக்குக்கூடத் தெரியாது. சந்தைக்கு வந்தவர்கள், கடை அடைத்திருக்கிறதே என்று வேறு கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மை அழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “அழு அம்மை,” என்றேன். “மணியடிக்காம எங்கன மக்கா அழ?” என்று கேட்டாள்.

5

அதற்கும் இரண்டு அறுப்புக்குப் பிறகு, குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து, கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார். பெரிய குரல். அழுகையும் பாட்டுமாக இருந்தது. பாவத்தை அறிக்கையிடுகிறவர்கள் எழுந்திருங்கள் என்றதும், டீக்கன் ஞானாபரணம் எழுந்தார். நெஞ்சில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அவருடைய மகன் ஈசாக்குக்கு விஷக் காய்ச்சல். டாக்டர் கை விரித்துவிட்டார். இவர் யாருக்கும் தெரியாமல் ஒரு மந்திரவாதியிடம் போயிருக்கிறார். மாடனுக்குச் செஞ்சேவல் வேண்டும், மறு நிறம் கலக்கக் கூடாது என்றானாம். அப்படி ஒன்று ஏலத்தில்தான் வந்தது. கிடைக்கவில்லை. பஞ்சாரத்தைப் புரட்டித் திருடியது இவர். வெட்டியது இவர். மாட்டிக்கொள்ளாமலிருக்க அப்பாமேல் சாட்சி சொன்னதும் இவர். மகன் பிழைத்துக்கொண்டான்.

பிறகு பிரசங்கியார் இரண்டு கையையும் தூக்கி, “கர்த்தர் மன்னித்தார்! இந்த நிமிஷமே மன்னித்தார்!” என்று கத்தினார். சபையார் எழுந்து பாட்டுப் பாடினார்கள். டீக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். பெண்கள் பக்கம் ஓரத்தில் பாயில் என் அம்மை உட்கார்ந்திருந்தாள். அவர் வேட்டி அவள் தோளில் உரசியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? வழக்கு அவருக்கும் கடவுளுக்கும். அது தீர்ந்து போயிற்று.

நான் கேட்கிறேன், கடவுள் யார் அதை மன்னிக்க? உங்கள் உழவு மாட்டை ஒருவன் அடித்துக் கொன்றுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “நான் அவனை மன்னித்துவிட்டேன், எல்லாரும் பாடுங்கள்,” என்றால் அவரை என்ன சொல்லுவீர்கள்? சுவருக்கு வெளியே கிடந்தது கடவுளா? வெற்றிலைக் கடையை அடைத்துவிட்டுப் பட்டினி கிடந்தது கடவுளா? கொடுக்கத் தன்னிடம் இல்லாத ஒன்றை எடுத்துத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். பட்டவள் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் சபைக் கமிட்டிக்குப் போனேன். அப்பாவின் விலக்கை எடுங்கள், இப்போதாவது அந்த மணியை அடியுங்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “செத்தவன்மேல சபைக்கு அதிகாரம் இல்ல, மக்கா. நம்ம சட்டத்தில அதுக்கு இடமில்ல,” என்றார் செயலாளர். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு நிமிஷத்தில் மன்னிப்பு. செத்தவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த வருஷமே ஞானாபரணம் மறுபடியும் டீக்கன் ஆனார். நான் கப்பல் ஏறினேன்.

இங்கே எங்கள் ஆபீசில் ஹசான் என்று ஒரு மலாய்க்காரன் பியூனாக இருக்கிறான். வந்த முதல் வருஷம் அவர்கள் பெருநாள் அன்று காலையில் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வருஷத்தில் தெரிந்தும் தெரியாமலும் உங்களுக்கு ஏதாவது தப்புச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டான். அவர்கள் வழக்கமாம், ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்பார்களாம். அவன் எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லை. செய்தவர் ஊரில் திருவிருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஹசான் போனபிறகு பலகாரத்தைத் தொடாமல் மூடி வைத்தேன்.

6

லில்லி தண்ணீர் ஊற்றின அந்த வாரம், எஸ்தர் எனக்குத் தெரியாமல் பட்டணத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை புது ஐயர் சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன வயது. ஊரிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எஸ்தர் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். நான் அவளிடம் பேசியதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணாச்சிக்கு ஊரு எங்க? நம்ம பக்கத்துப் பேச்சுல்லா இருக்கு?”

“கொட்டாரம் பக்கம்,” என்றேன். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். “நீரு யாருக்க மவன்?”

“டீக்கன் ஞானாபரணத்துக்க மவன். ஈசாக்கு.”

காப்பித் தம்ளர் அவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

“நான் வேதமுத்துக்க மவன். எந்திரியும்,” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரப்பர் மரங்களுக்கு நடுவில் போனார், ஏறக்கூட இல்லை. எனக்கு எத்தனையோ வருஷத்துப் பாரம் இறங்கினது போல இருந்தது. உள்ளே திரும்பினால் எஸ்தர் நிற்கிறாள்.

“அந்த ஐயருக்கு அப்பம் என்ன வயசு? காய்ச்சல்ல பொலம்பிக் கெடந்த பிள்ள சேவல் கேட்டுச்சா? ஆதாமுக்க பாவத்த எனக்க பிள்ள தலையில வைக்காதன்னு ஆறு மாசமாக் கத்துதிய. ஞானாபரணத்துக்க பாவத்த ஈசாக்கு தலையில வச்சிய. இது மட்டும் எந்த ஊரு நியாயம்?”

அன்று நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். முன்கோபக்காரன், கிராணி, வேலைக்காரனைத் திட்டிப் பழகின நாக்கு. எனக்கே இது புரிய ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. எல்லாம் அறிந்தவர் என்று சொல்லப்படுகிறவருக்கு உலகம் உண்டான நாளிலிருந்து புரியவில்லையா? ஒரு தோட்டத்துக் கிராணிக்கு உள்ள நியாய புத்தி அவருக்கு வேண்டாமா?

அடுத்த மாதம் ஈசாக்கு ஐயர் தானாகவே வந்தார். வாசலிலேயே நின்றார்.

“காப்பி வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு சொல்லிட்டுப் போயிருகேன். அந்தச் சேவல எனக்காண்டிதான் அறுத்தது. நான் கேக்கல. ஆனா ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் எனக்குச் சோறு எறங்காது. அதுக்குப் பதிலா நான் போயிருக்கலாமேன்னு இருக்கும்.”

“உக்காரும்,” என்றேன். உட்கார்ந்தார். அவர் குரலைக் கேட்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் விடவில்லை. “நீரு கோயில்ல பிரசங்கம் பண்ணுறதும் இதத்தானே? ஒருத்தன் தப்பிக்க இன்னொரு உயிர் ரத்தம் சிந்தணும். மாடன் ஒரு சேவலோட விட்டான். உம்ம கடவுள் பெத்த மவனையே கேட்டாரு. நம்ம ஊருல அய்யாவழிக்காரன் பலியே வேண்டாம்னு சொல்லிட்டான். மூணு பேருல எவனுக்குய்யா புத்தி கூடுதல்? எனக்க அப்பன்தான் உம்ம வீட்டுக்காண்டி வெட்டுப்பட்ட ரெண்டாவது சேவல், தெரியுமா?”

ஏதாவது வசனம் வரும் என்று காத்திருந்தேன். “எனக்குத் தெரியல அண்ணாச்சி,” என்றார். அங்கி போட்ட ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எழுந்திருக்கும்போது, தன் அப்பா படுக்கையாக இருக்கிறார், லீவில் ஊருக்குப் போகிறேன் என்றார். “உங்க அம்மையைப் போய்ப் பாக்கட்டா?”

“பாரும். ஆனா கர்த்தர் மன்னிச்சாருன்னு அங்க போய் ஒரு வார்த்த சொல்லிராதயும்,” என்றேன்.

7

ஈசாக்கு ஐயர் நேற்று திரும்பி வந்தார். நான் இதை எழுதுவதே அதனால்தான். அவர் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்.

அம்மை முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாளாம். இவர் இன்னாருடைய மகன் என்று சொன்னதும், தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாளாம், திரும்பவில்லை. “அப்பாக்காண்டி உங்ககிட்ட கேக்க வந்தேன் அம்மை,” என்றிருக்கிறார்.

“உனக்க அப்பன் கேக்க வேண்டிய எடத்துல கேட்டாச்சே. பந்தல் நெறைய ஆளு பாத்துச்சு.”

“உங்ககிட்ட கேக்கலியே.”

அம்மை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாளாம். “அத அவன் வந்து கேக்கணும். நீ பிள்ள. காய்ச்சல் வந்தது உனக்க குத்தமா? உன்ன நான் ஒரு நாளும் ஒண்ணும் நெனச்சதில்ல.” பிறகு அகப்பையை வைத்துவிட்டு, “நீ இப்பம் ஐயராக்கும், இல்லியா? ஏதாவது செய்யணும்னு வந்தியானா, போய் அந்த மணிய அடி மக்கா,” என்றாளாம்.

அவர் அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு நடந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து, சாவு மணி அடிக்கிற மாதிரி விட்டு விட்டு அடித்தார். வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். “யாருக்கு மக்கா? யாரு செத்தது?” என்று கேட்டுக்கொண்டு ஊர் ஓடி வந்தது. “வெற்றிலைக் கடை வேதமுத்துக்கு,” என்றார். சின்னவர்கள் பலருக்கு அது யாரென்றே தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் கயிற்றைப் பிடுங்கப் பார்த்தார். இவர் விடவில்லை. அப்போது எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கிளம்பியதாம். அம்மை தலையிலடித்துக்கொண்டு, அப்பா அன்று காலையில்தான் செத்தது போல, பெயர் சொல்லி அழுதிருக்கிறாள். பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். இதைக் கேட்டபோது நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

கட்டிலில் கிடந்த ஞானாபரணத்தின் காதிலும் மணி விழுந்தது. யாருக்கு என்று கேட்டாராம். வேதமுத்துக்கு என்று சொன்னார்கள். “அதான் கர்த்தர் அன்னைக்கே மன்னிச்சாச்சே,” என்றாராம். பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

கமிட்டி மறுநாளே கூடிவிட்டது. என் மனுவுக்கு இல்லாத அவசரம்! விலக்கில் செத்தவனுக்கு உத்தரவில்லாமல் மணியடித்தது ஒழுங்கீனமாம். ஞாயிற்றுக்கிழமை சபையின் முன்னால் எழுந்து, தேவனுக்கும் சபைக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவோம் என்றார்கள்.

“நின்னீரா?” என்று கேட்டேன்.

“இல்லாத பாவத்துக்கு எங்கன அண்ணாச்சி நிக்க?” என்றார்.

அப்பா அன்றைய ஐயரிடம் சொன்ன பதிலை நான் இவரிடம் சொன்னதில்லை. எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து புகார் இவருக்கு முந்தின கப்பலிலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. விசாரணை முடியும்வரை ஞானஸ்நானம், திருவிருந்து ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. “இப்பம் நீங்களே கேட்டாலும் உங்க மவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க எனக்கு முடியாது,” என்று சிரித்தார். எஸ்தர் காப்பி கொண்டு வந்தாள். அவள் கையிலிருந்து வாங்கி நானே அவர் கையில் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

பையன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

“தண்ணி வேண்டாம். பாவமுன்னு ஒரு சொல்லு வேண்டாம். இவனுக்குப் பேர மட்டும் சொல்லும்.”

“என்ன பேரு அண்ணாச்சி?”

“நீரு யாருக்கு மணியடிச்சீரு?”

பிள்ளையின் தலையில் கையை வைத்து, “வேதமுத்து,” என்றார்.

“சத்தமாச் சொல்லும்.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கெல்லாம் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். பால்வெட்டு முடிந்து படுத்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். “என்னங்க கிராணியாரே, யாருக்கு?” என்று ஒருவன் கேட்டான்.

“எனக்க மவனுக்கு,” என்றேன்.